பூஸ்டர் மாட்டிய கடையும் டவர் இழந்த தெருவும்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு டவர். அது பார்க்கும் மூன்று திசைகளை செக்டர் என்போம், அதில் இரண்டு ஒழுங்காக ஓடின. மூன்றாவதில் மட்டும் தினமும் காலை ஒன்பதரைக்குப் புகார் ஆரம்பிக்கும், இரவு ஒன்பது மணிக்கு மேல் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு தொந்தரவும் இருக்காது. இப்படி ஒரு கிராஃபைப் பார்த்ததுமே எங்கள் ஆட்கள் சொல்லிவிடுவார்கள்: கடை திறக்கிற நேரம் இது, யாரோ சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் பெட்டி மாட்டியிருக்கிறார்கள்.

மொபைல் நெட்வொர்க்கில் ஆர்.எஃப்., அதாவது ரேடியோ சிக்னல் வேலை பார்க்கிறவன் நான். எங்கே போனாலும் ஜனங்கள் சொல்வது ஒன்றுதான்: "சார், டவர் பவரை ஏத்தி விடுங்க." ஏற்றினால் சரியாகிவிடும் என்றால் எனக்குச் சம்பளமே தேவையில்லை.

சிக்னல் ஓடும் ரேடியோ அலைவரிசைக்குப் பெயர் அலைக்கற்றை, அது அளந்து வாங்கும் சரக்கு. 2022 ஏலத்தில் நிறுவனங்கள் 51,236 மெகாஹெர்ட்ஸை 1,50,173 கோடி ரூபாய்க்கு எடுத்தன. அதற்கு மேல் வேண்டுமென்றால் அடுத்த ஏலத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் ஒரு ஹெர்ட்ஸில் நொடிக்கு எத்தனை பிட் ஓட்ட முடிகிறது என்பதுதான் எங்கள் பிழைப்பு. 1948-ல் அமெரிக்கக் கணித மேதை கிளாட் ஷானன் இதற்கு ஒரு கணக்குப் போட்டு வைத்தார். சிக்னல் ஏற்கெனவே நன்றாக இருக்கும் இடத்தில் பவரை இரண்டு மடங்காக்கினால் ஹெர்ட்ஸுக்கு ஒரே ஒரு பிட்தான் கூடும். கூட்டிய பவரோ பக்கத்து டவரின் எல்லைக்குள் போய் இரைச்சலாக விழும். 4ஜியில் அக்கம்பக்கத்து டவர்கள் எல்லாமே ஒரே அலைவரிசையைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றன. அதனால் பல நேரம் நாங்கள் பவரைக் கூட்டுவதில்லை, ஆன்டெனாவை இரண்டு டிகிரி கீழே சாய்த்துவிட்டு வருகிறோம். தெருவில் நிற்கிறவருக்கு இது புரியாது. "இறக்கிவிட்டா எப்படி சார் கிடைக்கும்?" என்பார். அடுத்த நாள் வேகம் கூடியிருக்கும்.

சரி, பாளையங்கோட்டைக்கு வருவோம். சிக்கல் 900 பேண்டில், அதாவது 900 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில். இந்த பேண்டில் டவர் போனுக்குப் பேசுவது 935 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை. போன் டவருக்குப் பேசுவது 890 முதல் 915 வரை. டவரின் காது இருப்பது இந்தக் கீழ்ப்பகுதியில். ஒன்றும் இல்லாத அமைதியில் அந்தக் காதில் விழும் இரைச்சல், 180 கிலோஹெர்ட்ஸ் துண்டுக்கு மைனஸ் 118 டிபிஎம் அளவில் இருக்க வேண்டும் (டிபிஎம் பவரை அளக்கும் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க இரைச்சல் அதிகம்). எங்கள் செக்டரில் கடை நேரத்தில் அது மைனஸ் 98. வித்தியாசம் 20 டிபி (டெசிபல்) என்று சொன்னால் சின்னதாகத் தெரியும். அது நூறு மடங்கு.

போனால் கத்த முடிந்தது 200 மில்லிவாட், அவ்வளவுதான். டவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சமாளித்துவிடுவார். தெருக்கோடியில் இருப்பவருக்கு போன் முழு பவரில் கத்தியும் எட்டாது. பேட்டரி மட்டும் இறங்கும். நன்றாக இருந்த காலத்தில் ஒரு சிம்பலில், அதாவது அலையின் ஒரு துடிப்பில், 6 பிட் அனுப்பிய போன் 2 பிட்டுக்கு இறங்கிவிடும். அதாவது அதே போட்டோவை அனுப்ப மூன்று மடங்கு அலைக்கற்றை செலவாகும். டவுன்லோடும் தப்பாது. டவர் அனுப்பிய பாக்கெட்டுக்கு "கிடைத்தது" என்று போன் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் இரைச்சலில் மூழ்கினால் டவர் அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பும். கோடி கோடியாகக் கொடுத்து வாங்கிய அலைக்கற்றையில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த சரக்கையே இரண்டாம் முறை ஏற்றிக்கொண்டிருப்போம். கிராஃபில் செக்டர் "பிஸி" என்றுதான் காட்டும்.

தேடுவது பழைய பாணி வேலை. கையில் எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர், தூர்தர்ஷன் காலத்து மீன்முள் ஆன்டெனாவின் சின்ன வடிவம் ஒன்று. ஓரிடத்தில் நின்று மெல்லச் சுற்றினால் ஒரு திசையில் திரையில் மேடு எழும். மேப்பில் அந்தத் திசையில் ஒரு கோடு. இன்னொரு தெருவில் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்துக்கு நடக்க வேண்டியதுதான். பதினொரு மணி வெயிலில் மொட்டை மாடிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தால் "என்னப்பா, காக்கா பிடிக்கிறியா?" என்று கேட்கத்தான் செய்வார்கள்.

கடைசியில் அது ஒரு ஜவுளிக் கடை. குடோன் தரைக்குக் கீழே, அங்கே டவர் எடுக்காது. மாடியில் ஒரு ஆன்டெனா, குடோனில் ஒன்று, நடுவில் பச்சை விளக்கு எரியும் ஒரு பெட்டி. இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவே ஒரு தளம்தான் இடைவெளி. உள்ளே விட்ட சிக்னல் வெளியே கசிந்து, மாடி ஆன்டெனா அதையே மறுபடி பிடித்துப் பெருக்கிக்கொண்டிருந்தது. கோயில் கொடையில் மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே காட்டினால் 'கூய்ங்' என்று அலறுமே, அதேதான். இது நம் காதுக்குக் கேட்காது, டவருக்குக் கேட்கும்.

"எட்டாயிரம் ரூபா குடுத்து வாங்குனது தம்பி. எனக்கு நாலு பாயிண்டும் ஃபுல்லா காட்டுதே?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம் சுவிட்சை அணைச்சுப் பாருங்க."

அணைத்தார். திரையில் நின்ற மேடு அப்படியே படுத்துவிட்டது.

அண்ணாச்சி மேல் எனக்குக் கோபம் இல்லை. குடோனிலிருந்து போன் பேச முடியாமல் வியாபாரம் போகிறது, அவர் என்ன செய்வார்? புகார் கொடுத்தால் "சரி செய்யப்பட்டது" என்று ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிக் கணக்கை முடிக்கிற பழக்கம் எங்கள் துறையில் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் இந்தப் பெட்டிகள் விற்கின்றன. ஆனால் உரிமம் இல்லாமல் ரேடியோ கருவி வைத்திருப்பது 1933 வயர்லெஸ் சட்டத்திலிருந்தே குற்றம். 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் அதையே சொல்கிறது. ஆன்லைனில் விற்கிறது என்பதால் அது சட்டப்படி சரியாகிவிடாது.

வேறு வழி இருக்கிறது. குடோனில் பிராட்பேண்ட் இருந்தால் போன் செட்டிங்கில் வைஃபை வழியாகவே பேச வைக்கும் வைஃபை காலிங்கை ஆன் செய்தாலே போதும், நம் ஊரில் 2019 டிசம்பரிலிருந்து இந்த வசதி உண்டு. அந்த அழைப்பு நம் அலைக்கற்றையைத் தொடவே தொடாது. பெரிய கட்டடம் என்றால் உள்ளுக்குள்ளேயே சின்ன ஆன்டெனாக்கள் வைக்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். அவர்களே வைக்கும் ரிப்பீட்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) தங்கள் பேண்டை மட்டும் பெருக்கும், அலற ஆரம்பித்தால் தானே குறைத்துக்கொள்ளும். போனில் மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள், புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

அண்ணாச்சி போனில் வைஃபை காலிங்கைப் போட்டுக் கொடுத்தேன். குடோனுக்குள் இறங்கி மகனைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். திருப்திதான். பெட்டியைக் கழற்றி மேஜையில் வைத்தவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் பாத்திரக்கடைக்காரன்ட்டயும் சொல்லிருங்க தம்பி. இதை வித்தவன் அன்னைக்கே இந்தத் தெருவுல இன்னும் மூணு மாட்டிட்டுத்தான் போனான்."

பையில் போட்ட மீன்முள்ளை மறுபடி வெளியே எடுத்தோம்.