வாலாட்டும் நாயும் ஆபத்தில் இருக்கலாம்: எப்போது காத்திருக்கக் கூடாது?

"கூப்பிட்டால் வாலை ஆட்டுகிறது, பெரிதாக ஒன்றும் இருக்காது. காலையில் பார்த்துக்கொள்ளலாம்." கால்நடை மருத்துவமனைக்குக் காலம் கடந்து வந்து சேரும் நாய்கள் பலவற்றின் பின்னால் இந்த முடிவு இருக்கிறது. இப்படி முடிவெடுத்தவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்ல, அவர்கள் பார்த்த இடம்தான் தவறு. ரத்த ஓட்டம் தடுமாறத் தொடங்கும்போது நாயின் உடல் மூளையையும் இதயத்தையும் கடைசிவரை காப்பாற்றப் பார்க்கும். அதனால் நாய் உங்களை அடையாளம் கண்டுகொள்ளும், வாலும் ஆட்டும். உடல் முதலில் கைவிடுவது தோல், ஈறு, குடல், சிறுநீரகம் ஆகியவற்றைத்தான். பார்க்க வேண்டியது அங்கே.

அடிபட்டு ரத்தம் போனாலும், வாந்தி பேதியில் நீர் போனாலும், பெரிய ரத்தக் குழாய் ஒன்று நசுங்கினாலும் உடல் செய்யும் முதல் வேலை ஒன்றுதான். அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கும். தோலுக்கும் ஈறுக்கும் போகும் சிறு ரத்தக் குழாய்கள் சுருங்கும். இதனால் ரத்த அழுத்தம் சிறிது நேரம் சரியாமல் நிற்கும். இந்தக் கட்டத்தில் வந்துவிட்டால் ட்ரிப்ஸ் ஏற்றி மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. தாக்குப்பிடிக்கும் சக்தி தீர்ந்தால் அழுத்தம் சரியும், நாய் படுத்துவிடும், பிறகு அதே சிகிச்சை முன்போல வேலை செய்வதில்லை. 10 கிலோ நாய்க்கு ஏறக்குறைய 850 மி.லி. ரத்தம்தான் இருக்கிறது. 2 கிலோ குட்டிக்கு 170 மி.லி., ஒரு டம்ளர் அளவு. குட்டிகள் அவ்வளவு சீக்கிரம் சரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈறைப் பார்க்கும் முறை

மேலுதட்டை மெல்லத் தூக்கி, கோரைப் பல்லுக்கு மேலே உள்ள ஈறைப் பாருங்கள். ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அந்த இடத்தை விரலால் ஒரு நொடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். அதற்கு மேல் ஆனால் தோல், ஈறு போன்ற ஓரங்களுக்குப் போதுமான ரத்தம் போகவில்லை என்று பொருள். சில நாய்களுக்கு ஈறு முழுவதும் கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கச் சதையைப் பாருங்கள்.

வெள்ளை வெளேர் என்றிருந்தால் அதிர்ச்சி நிலை (உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போகாத நிலை), அல்லது ரத்த இழப்பு. வெளியே காயமே இல்லாமல் மண்ணீரல் கட்டி வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கலாம். நீலம் கலந்திருந்தால் ஆக்சிஜன் போதவில்லை. செங்கல் சிவப்பு வெப்பத் தாக்குதலிலும் ரத்தத்தில் கிருமி பரவும்போதும் வரும். நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரையை அதிகம் விழுங்கிய நாய்க்கு ஈறு பழுப்பாக மாறலாம். மஞ்சள் நிறம் கல்லீரல் கோளாறாகவோ, ரத்த அணுக்கள் உடைவதாகவோ இருக்கும், அதையும் அன்றைக்கே காட்ட வேண்டும். வெள்ளை, நீலம், செங்கல் சிவப்பு, பழுப்பு ஆகிய நான்குக்கும் உடனே கிளம்புவது ஒன்றே வழி.

ஈறோடு சேர்த்து மூச்சை எண்ணுங்கள். தூங்கும் நாய் நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு விடக் கூடாது. கழுத்தை நீட்டிக்கொண்டு, முழங்கைகளை வெளியே தள்ளி, படுக்க மறுத்து உட்கார்ந்தே மூச்சுக்குத் திணறினால் அது அவசரம். நாடியைப் பின்னந்தொடையின் உள்பக்கம் தொட்டுப் பார்க்கலாம். 15 நொடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். பெரிய நாய்க்கு 60 முதல் 100, சிறிய நாய்க்கு 100 முதல் 140 வரை இயல்பு. மூக்கு ஈரமா, காய்ந்திருக்கிறதா என்பதை வைத்துக் காய்ச்சலைச் சொல்ல முடியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் 2 செ.மீ. அளவு செலுத்திப் பாருங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. 104-க்கு மேலும் 99-க்குக் கீழும் ஆபத்து. குளிர்ந்து போன குட்டி, காய்ச்சல் அடிக்கும் குட்டியைவிட மோசமான நிலையில் இருக்கக்கூடும்.

இதையெல்லாம் நாய் நலமாக இருக்கும்போதே செய்து பழகுங்கள். உங்கள் நாயின் இயல்பு எது என்று தெரிந்தால்தான் மாற்றம் கண்ணில் படும். ஒரே எச்சரிக்கை: தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், குணமே மாறிப்போன நாயின் வாயில் கை வைக்காதீர்கள். தொண்டையில் எலும்பு சிக்கியது போலத் தோன்றும் அது வெறிநோயாக இருக்கலாம். எச்சில் பட்டிருந்தால் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, மனிதர்களுக்கான மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

வாந்தி வருகிறது, ஆனால் எதுவும் வரவில்லை

அவசரங்களிலேயே மிகக் குறைந்த நேரம் தருவது இரைப்பை முறுக்கு. கிரேட் டேன், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு அதிகம் வரும். காற்றும் உணவும் சேர்ந்து உப்பிய இரைப்பை தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். மிட்டாய்த் தாளின் இரண்டு முனைகளையும் முறுக்கியது போல, உணவுக்குழாய் பக்கமும் குடல் பக்கமும் ஒரே நேரத்தில் அடைபடும். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் இரைப்பை மேலும் வீங்கும். வீங்கிய இரைப்பை, உடலின் பின்பாதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரையை நசுக்கும். இதயத்துக்கு வரும் ரத்தமே குறைவதால் அது எவ்வளவு வேகமாக அடித்தாலும் அழுத்தம் நிற்காது. இன்னொரு பக்கம், ரத்த ஓட்டம் அறுந்த இரைப்பைச் சுவர் அழுகத் தொடங்கும்.

வெளியே தெரிவது இவ்வளவுதான்: நாய் ஓரிடத்தில் நிற்காது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், மீண்டும் மீண்டும் குமட்டும், ஆனால் கொஞ்சம் நுரையைத் தவிர எதுவும் வராது. விலா எலும்புகளுக்குப் பின்னால் வயிறு இறுகிப் புடைத்திருக்கும். மார்பு ஆழமான நாய்களில் இரைப்பை விலாவுக்குள்ளேயே மறைந்திருப்பதால் புடைப்பு தாமதமாகத்தான் தெரியும். ஆகவே வயிறு உப்பட்டும் என்று காத்திருக்காதீர்கள், வெறும் குமட்டலே போதும். வாயு மாத்திரை, ஓம வாட்டர் எதுவும் முறுக்கை அவிழ்க்காது. மருத்துவர் முதலில் காற்றை வெளியேற்றி, ட்ரிப்ஸ் ஏற்றி, அறுவை சிகிச்சையில் இரைப்பையைத் திருப்பி வைத்து, மறுபடி சுற்றாதபடி வயிற்றுச் சுவரோடு தைத்துவிடுவார். இத்தனைக்கும் கையிலிருப்பது சில மணி நேரம்.

வெயில்

நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டும்தான் கொஞ்சம் வரும். மற்றபடி நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாவதால்தான் உடல் குளிர்கிறது. சென்னையின் மே மாதத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் எவ்வளவு இரைத்தாலும் ஆவியாதல் போதுமான அளவு நடப்பதில்லை. மூக்கு சப்பையான பக் நாய்க்கு அந்த வழியும் குறுகல். உடல் வெப்பம் 106 டிகிரியைத் தாண்டும்போது செல்கள் சிதையும், குடல் சுவரின் காப்பு உடைந்து கிருமிகள் ரத்தத்தில் கலக்கும், ரத்தம் உறைவதும் தாறுமாறாகும்.

இதில் மட்டும் முதல் சிகிச்சை வீட்டில்தான் தொடங்க வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை உடல் முழுவதும் தொடர்ந்து ஊற்றி, ஃபேனைப் போடுங்கள். ஐஸ் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சிறிது நேரத்தில் அதுவே சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 103 டிகிரி வந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லையென்றால் வெப்பம் இயல்புக்கும் கீழே இறங்கிவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். நாய் எழுந்து நடந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பும் ரத்தக் கசிவும் மறுநாள்கூடத் தலைகாட்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். நன்றாக ஓடியாடும் பெரிய நாய் ஓரிரு முறை வாந்தி எடுத்தால் சில மணி நேரம் உணவை நிறுத்திக் கவனிக்கலாம். 6 மாதத்துக்கு உட்பட்ட, தடுப்பூசி முடியாத குட்டி வாந்தியும் பேதியுமாக இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. இப்படிப்பட்ட குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் குடலின் உட்படலத்தைப் புதுப்பிக்கும் செல்களையும், வெள்ளை அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையையும் ஒரே சமயத்தில் அழிக்கிறது. மலத்தில் ரத்தம் வரும்வரை காத்திருப்பது வீண்.

ஆண் நாய் காலைத் தூக்கித் தூக்கி முக்கியும் சொட்டுச் சொட்டாகத்தான் சிறுநீர் வருகிறது என்றால், கல் அடைத்திருக்கலாம். மலச்சிக்கல் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். வெளியேறாத பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். டால்மேஷனுக்கு யூரிக் அமிலக் கல் இனத்தோடு வரும் சிக்கல். கருத்தடை செய்யாத பெண் நாய், ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் சோர்ந்து, சாப்பிடாமல், தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் கருப்பையில் சீழ் சேர்ந்திருக்கலாம். சீழ் வெளியே வடியாத வகைதான் கூடுதல் ஆபத்து. வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, 24 மணி நேரத்தில் இரண்டாவது முறை வந்தாலோ கிளம்புங்கள். நாக்கைப் பிடிக்கப் போய்க் கடி வாங்காதீர்கள், நாய் நாக்கை விழுங்காது.

பாம்பு கடித்த நாய்க்கு முகமோ காலோ வீங்கி ரத்தம் கசிந்தால் கண்ணாடி விரியன் போன்ற பாம்பாக இருக்கலாம். இமை தொங்கி, குரல் மாறி, கால் துவண்டால் நாகம் அல்லது கட்டுவிரியன். கயிறு கட்டாமல், கீறாமல், நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். நான்கு வகைப் பாம்புகளின் விஷத்துக்கும் பொதுவாக மனிதர்களுக்குத் தரும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும்.

விஷம் தின்ற நாய்க்கு அறிகுறி வரும்வரை பொறுப்பது பெரிய தவறு. 100 கிராம் டார்க் சாக்லேட்டில் நாய்க்கு நஞ்சாகும் தியோபுரோமின் சுமார் 500 மி.கி. உண்டு. 10 கிலோ நாய்க்கு அது கிலோவுக்கு 50 மி.கி., இதயத் துடிப்பைக் குலைக்கப் போதுமான அளவு. புரோமடியோலோன் வகை எலி மருந்து, ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே உடலில் மறுசுழற்சி ஆவதைத் தடுக்கிறது. கையிருப்பு தீர 3 முதல் 5 நாள் ஆகும், அதுவரை நாய் நன்றாகவே இருக்கும். ஜிங்க் பாஸ்பைடு வகையோ வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாகிறது. அதைத் தின்ற நாய்க்குச் சோறு போட்டால் அமிலம் கூடி விஷமும் கூடும். அது வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களையும் தாக்கும், வண்டியின் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது வேண்டவே வேண்டாம். உப்பே மூளையைப் பாதித்துக் கொல்லும்.

கிளம்பும்போது மருத்துவமனைக்குப் போன் செய்து, இந்த நேரத்தில் ஆக்சிஜனும் அறுவை சிகிச்சை வசதியும் இருக்கிறதா என்று கேளுங்கள். அடிபட்ட நாயைப் பலகையிலோ விரித்துப் பிடித்த போர்வையிலோ கிடத்தித் தூக்குங்கள். வலியில் கடிக்கும் என்றால் துணியால் வாயைக் கட்டலாம், மூச்சுத் திணறும் நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் கட்டக் கூடாது. வலிப்பு வந்தால் செல்போனில் வீடியோ எடுங்கள். எடை, கடைசியாகச் சிறுநீர் போன நேரம், தின்றது எது, எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எலி மருந்தின் அட்டைப்பெட்டியைக் குப்பையிலிருந்தாவது தேடி எடுத்துச் செல்லுங்கள். புரோமடியோலோனுக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாக இருக்கிறது, ஜிங்க் பாஸ்பைடுக்கு மாற்று மருந்தே கிடையாது. பெட்டியைப் பார்த்தால்தான் மருத்துவருக்கு எதைத் தொடங்குவது என்று தெரியும்.