யூ.ஏ.பி.: தமிழில் என்ன சொல்வது?

பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி ராத்திரியில் விபத்து நடந்தால், மறுநாள் பேப்பரில் ‘அடையாளம் தெரியாத வாகனம் மோதி ஒருவர் பலி’ என்று வரும். வேலூர்ப் பக்கம் நெடுஞ்சாலை ஓரம் வளர்ந்தவர்களுக்குப் பழகிப்போன வரி. அதைப் படித்துவிட்டு வேற்றுக்கிரகத்து லாரி என்று யாரும் நினைப்பதில்லை. லாரிக்கு நம்பர் உண்டு, ஓனர் உண்டு. பார்த்தவர் குறித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அதே ‘அடையாளம் தெரியாத’ என்பதை வானத்தில் தெரிந்த வெளிச்சத்துக்கு முன்னால் வைத்தால் மட்டும் நமக்கு உடம்பு சிலிர்க்கிறது. வானில் தெரிந்து, இன்னதென்று விளங்காதவற்றுக்கு ஆங்கிலத்தில் இன்றைய பெயர்தான் யூ.ஏ.பி.

முதலில் வந்த பெயர் ‘பறக்கும் தட்டு’. 1947 ஜூன் 24 அன்று, அமெரிக்காவின் ரெய்னியர் மலை அருகே விமானம் ஓட்டிப்போன கென்னத் அர்னால்டு, ஒன்பது பொருள்கள் அதிவேகமாகப் போவதைப் பார்த்தார். தண்ணீர்மேல் சாசரை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் போயின என்றார். நம் ஊர்ப் பையனாக இருந்தால் ஏரியில் எறிந்த ஓட்டாஞ்சில்லு என்றிருப்பான். அவர் சொன்னது போக்கை. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டது சாசரை. அந்தப் பிழைக்குத் தமிழில் பிறந்த பேரப்பிள்ளைதான் ‘தட்டு’.

அப்புறம் அமெரிக்க விமானப்படை யூ.எஃப்.ஓ. என்றது: அடையாளம் தெரியாத பறக்கும் பொருள். இவற்றை விசாரித்த அந்தப் படையின் ‘புளூ புக்’ திட்டம் 1969இல் மூடப்பட்டபோது கணக்கில் இருந்தவை 12,618 தகவல்கள். விளங்காமல் நின்றவை 701. பெயரில் உள்ள சிக்கல் ‘பொருள்’ என்பதில்தான். அங்கே ஒரு பொருள் இருந்தது, அது பறந்தது என்று விசாரிக்கும் முன்பே முடிவு கட்டிவிடுகிறது. கண்ணாடியில் பட்ட பிரதிபலிப்பாகவும் இருக்கலாம், கேமராவின் கோளாறாகவும் இருக்கலாம்.

இப்போதைய பெயர் யூ.ஏ.பி. இதில் ‘யூ’ பழைய ‘அடையாளம் தெரியாத’தான். ‘பி’ என்பது பினாமினன். கிரேக்க மூலத்தில் ‘தோன்றுவது’ என்றே பொருள். நம் பத்திரிகைகள் ‘நிகழ்வு’ என்கின்றன. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. நிகழ்வு என்றால் நடந்தது. இலங்கைப் பாடநூல்களின் ‘தோற்றப்பாடு’ மூலத்துக்கு நெருக்கம். சுருக்கமாகத் ‘தோற்றம்’ போதும். கண்ணுக்கோ ரேடாருக்கோ தோன்றியது, அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. ஆக, ‘இனங்காணா வான்தோற்றம்’. புறநானூற்று ‘வலவன் ஏவா வான ஊர்தி’யை இங்கே இழுத்து வருபவர்கள் உண்டு. அது புகழ்பெற்றவர்கள் மேலுலகம் போகும் வண்டி, இந்தக் கணக்கில் சேராது.

நடு எழுத்தான ‘ஏ’ முதலில் வான் சார்ந்தது என்றிருந்தது. கடலடியிலும் விண்வெளியிலும் தெரிபவையும் அடங்கட்டும் என்று 2022 டிசம்பரில் அமெரிக்கச் சட்டம் அதையே ‘அனாமலஸ்’ ஆக்கியது: இயல்பு பிறழ்ந்தது. எழுத்து அதே, பொருள் வேறு. கறாராக எழுதுகிறவர்கள் ‘இனங்காணாப் பிறழ்தோற்றம்’ என்று எழுதலாம்.

இதையொட்டி வரும் ‘ஓவர்சைட்’டைக் கண்காணிப்பு என்று எழுதினால், வானத்தைக் கண்காணிப்பதாகப் போய்விடும். இது வானத்தைப் பார்க்கும் அலுவலகத்தையே அமெரிக்க நாடாளுமன்றம் பார்ப்பது, ‘மேற்பார்வை’ பொருந்தும். அமெரிக்க உளவுத்துறையின் 2021 ஜூன் அறிக்கையில் 144 தகவல்களில் ஒன்றை மட்டுமே உறுதியாக இனங்கண்டார்கள்: காற்று இறங்கிய பெரிய பலூன். மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தகவல் போதவில்லை. 2023 ஜூலை 26 அன்று அமெரிக்கக் கீழவைக் குழுவின் முன் முன்னாள் உளவு அதிகாரி டேவிட் கிரஷ், விழுந்த கலங்களை மீட்கும் ரகசியத் திட்டம் உண்டு என்று பிறர் தன்னிடம் சொன்னதாகச் சாட்சியம் அளித்தார். வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்துக்குச் சான்று இல்லை என்றது 2024 மார்ச்சில் வந்த அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அறிக்கை. மறைக்கப்படுவது பல சமயம் வானில் தெரிந்தது அல்ல, அதைப் படம் பிடித்த கேமராவின் திறன். நம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் 8(1)(அ) பிரிவு நாட்டுப் பாதுகாப்புக்கு இப்படி ஒரு கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. டோல்கேட் கேமராவில் லாரியின் நம்பர் பதிவாகியிருந்தாலும், அதைக் காட்டுவதா என்பது கேமரா வைத்திருப்பவர் கையில், அதுபோல.

அவசரப்பட்டுப் பெயர் வைப்பதும் நடக்கும். 2016 பிப்ரவரியில், அன்றைய வேலூர் மாவட்டத்து நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து ஒருவர் இறந்தார். விண்கல் என்று மாநில அரசு அறிவித்துவிட்டது. படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு போலிருக்கிறது என்றது நாசா. ‘இன்னும் தெரியவில்லை’ என்று சொல்ல அரசுகளுக்கு ஏனோ வாய் வருவதில்லை. இத்தனைக்கும் ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கியே இருக்கிறது.

போன மாதம் அரக்கோணத்தில் அக்கா வீட்டு மொட்டைமாடியில் நின்றிருந்தோம். கிழக்கே ஒரு வெளிச்சம், அசையாமல். “மாமா, அது இன்னா?” என்றான் அக்கா மகன். நேராக நம்மை நோக்கி வரும் விமானம் நின்ற இடத்திலேயே நிற்பதுபோலத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அது திரும்பியது. சிவப்பும் பச்சையும் தெரிந்தன, இரைச்சல் வந்தது. ராஜாளி கடற்படைத் தளத்தில் இறங்குகிற விமானம்.

“அப்ப இது யூ.ஏ.பி. இல்லியா?”

“ஏழு மணிக்கு ஆமாம்டா. ஏழே காலுக்கு இல்ல.”