தஸ்நேவிஸ்: பனிமயம் என்னும் பெயர்

போர்த்துகீசிய மொழியில் பெண்களுக்கு வழங்கும் பழைய பெயர்களுள் ஒன்று ‘மரியா தஸ் நேவிஸ்’. அம்மொழியில் ‘நேவே’ என்றால் பனி. அதன் பன்மை ‘நேவிஸ்’. பனியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான ‘நிக்ஸ்’, செயப்படுபொருளாக வரும்போது ‘நிவெம்’ என்றாகும்; அவ்வடிவிலிருந்தே ‘நேவே’ பிறந்தது. இடையில் நிற்கும் ‘தஸ்’, ‘உடைய’ எனப் பொருள்படும் ‘தெ’ என்ற இடைச்சொல்லும் ‘அஸ்’ என்ற பெண்பால் பன்மைச் சுட்டும் புணர்ந்தது. ஆகவே ‘பனிகளின் மரியாள்’ என்பதே இப்பெயரின் நேர்ப்பொருள். ‘பனி போன்ற வெண்ணிறத்தாள்’ என உரை கூறுவது பொருந்தாது.

எந்தப் பனி? நான்காம் நூற்றாண்டில், லிபேரியுஸ் திருத்தந்தையாக இருந்த காலத்தில், உரோமையின் எஸ்குலின் குன்றின்மேல் கடுங்கோடையில் பனி பொழிந்து, மரியாளுக்குக் கோயில் எழவேண்டிய இடத்தைக் காட்டியது என்பது மரபுக்கதை. அதன் நினைவு நாள் ஆகஸ்டு 5. நாடிழந்த போர்த்துகல் மன்னர் முதலாம் மிகேலுக்கு 1852ஆம் ஆண்டு அதே நாளில் பிறந்த மகளின் பெயரும் மரியா தஸ் நேவிஸ்தான்.

இந்தப் பெயர் தமிழுக்குப் புதிதன்று. முத்துக்குளித்துறைக்குப் போர்த்துகீசியர் கொண்டுவந்த இவ்வழிபாட்டால், தூத்துக்குடியில் இன்றும் ‘சந்தமரிய தஸ்நேவிஸ் மாதா’ என்கிறார்கள். ‘சாந்தா மரியா’ நம் நாவில் ‘சந்தமரிய’ ஆயிற்று. வேற்றுமைச் சொல்லான ‘தஸ்’கூட உதிராமல் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்டு 5இல் நிறைவுறும் திருவிழாவைக் கொண்ட அந்தப் பேராலயத்துக்குத் தமிழ்ப்பெயர் பனிமய மாதா ஆலயம்.

‘பனிமய’ என்று தமிழாக்கியவர் யாராயினும் அவருடைய மொழியுணர்வு வியக்கத்தக்கது. பனியே விழாத கடற்கரையில் இச்சொல் எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் ‘வடாஅது பனிபடு நெடுவரை’ என்று இமயத்தைப் பாடிய புறநானூற்றுக் காலத்திலேயே ‘பனி’ என்ற சொல் மலைமேல் உறையும் பனியையும் குறித்தது. தமிழில் பனிக்குப் பன்மை விகுதி சேர்ப்பது வழக்கமில்லை. ‘பனிகளின்’ என்பது காதுக்கு உறுத்தும். பொன்மயம், இருள்மயம் என்பவற்றில் வருவது போல, நிறைவைக் காட்டும் ‘மயம்’ என்ற வடசொல் ஈறு, மூலத்திலுள்ள பன்மையின் பொருளையும் ‘தஸ்’ உணர்த்தும் உறவையும் ஒருசேரத் தாங்கிக்கொள்கிறது. ‘வெண்பனி’, ‘உறைபனி’ என்று புதிதாக ஆக்கப் புகுந்தால் இந்த உறவு அறுபட்டுப்போகும்.

மாதா, அன்னை என்ற பெயர்களுக்கு முன்னால் அடையாக வரும்போது ‘பனிமய’ என்றும், ஆளின் பெயராகத் தனித்து நிற்கும்போது ‘பனிமயம்’ என்றும் எழுதவேண்டும்.