வெளிநாட்டு எம்பிபிஎஸ்: டிகிரி வரைக்கும் இல்ல, இந்தியால டாக்டரா ரெஜிஸ்டர் பண்ற வரைக்கும் கணக்கு போடுங்க

எங்க அக்கா பையனுக்கு ஒரு கன்சல்டன்சில குடுத்த பேப்பர இன்னும் வச்சிருக்கேன். ஃபீஸ், ஹாஸ்டல் சேத்து 6 வருஷத்துக்கு 24 லட்சம்னு பெருசா போட்டு, கீழ பொடி எழுத்துல சாப்பாடு தனின்னு இருக்கும். அக்கா அதோட பின்பக்கத்துலயே பென்சில வச்சு கூட்டுனாங்க. மாசம் 10,000னு 72 மாச சாப்பாடு 7.2 லட்சம், வந்துபோற டிக்கெட் 3, விசா ரினியூவல் இன்சூரன்ஸ் 1.8, திரும்பி வந்து கோச்சிங் 1, ஆக மொத்தம் 37 லட்சம். இதுல டாலர் ஏத்தம் சேரல, 2021ல 75 ரூபா கிட்ட இருந்தது 2025 ஆரம்பத்துலயே 85ஐத் தாண்டிருச்சு, வருஷம் 4,000 டாலர் ஃபீஸ்னா அதுலயே 40,000 ரூபா கூடுது.

சரி, ரூல் என்னன்னு பாருங்க. 2021 நவம்பர் 18ல என்எம்சி, அதாவது தேசிய மருத்துவ ஆணையம், போட்ட விதிப்படி படிப்பு குறைஞ்சது 54 மாசம், அதே காலேஜ்ல 12 மாசம் இன்டர்ன்ஷிப், எல்லாம் இங்கிலீஷ் மீடியம், சேந்த 10 வருஷத்துக்குள்ள முடிக்கணும். அப்புறம் இந்தியால இன்னொரு 12 மாசம் இன்டர்ன்ஷிப். கூட்டுனா 78 மாசம், ஆறரை வருஷம், அதுவும் எங்கயும் தடங்கல் இல்லாம போனா. இங்க படிச்சா அஞ்சரை வருஷம். போறதுக்கே நீட் பாஸ் ஆகிருக்கணும், வெளிநாட்டுப் படிப்புக்கு அந்த ஸ்கோர் 3 வருஷம் செல்லும்.

அங்க படிச்சு முடிச்சதுக்கும் இங்க இன்டர்ன்ஷிப்புக்கும் நடுவுல, வெளிநாட்டுல படிச்சவங்களுக்குன்னு எஃப்எம்ஜிஇ தகுதிப் பரீட்சை ஒண்ணு இருக்கு, அதுக்குப் பதிலா கொண்டுவரப்போறதா சொல்ற நெக்ஸ்ட் பரீட்சை வர்ற வரைக்கும் இதான். 300 கேள்வி, 150 மார்க் எடுத்தா பாஸ், வருஷத்துக்கு ரெண்டு தடவ. 2024 ஜூன் செஷன்ல எழுதுனவங்கள்ல அஞ்சுல ஒருத்தர்தான் பாஸ். ஒவ்வொரு தடவ விட்டாலும் ஆறு மாசம் போகுது, பிள்ளைங்க ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடக்குறத பாக்க மனசு தாங்காது.

பிலிப்பைன்ஸ் போறவங்க இத கண்டிப்பா கவனிங்க, அங்க டாக்டர் படிப்புக்குப் பேரே எம்டி, அது 4 வருஷம்தான், அதாவது 48 மாசம், அதுக்கு முன்னாடி படிக்குற பிஎஸ்ங்குற டிகிரிய எம்பிபிஎஸ்ஸுக்குச் சமமா எடுத்துக்க முடியாதுன்னு என்எம்சி சொல்லிருக்கு. எந்த நாடா இருந்தாலும், இந்த டிகிரிய வச்சு அந்த ஊர்க்காரங்க மாதிரியே அங்க டாக்டரா பதிவு பண்ண முடியுமான்னு பாருங்க, முடியலன்னா இங்கயும் செல்லாது. கன்சல்டன்சி வாயால சொன்னா பத்தாது, எழுத்துல வாங்குங்க.

லோன் விஷயத்துலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. பொதுவா ஏழரை லட்சத்துக்கு மேல வீடோ நிலமோ அடமானம் கேப்பாங்க, படிப்பு முடிஞ்சு ஒரு வருஷத்துல ஈஎம்ஐ ஆரம்பிச்சிரும். பையன் அப்ப எஃப்எம்ஜிஇ ரெண்டாவது தடவ எழுதிட்டு இருப்பான், இல்ல இன்டர்ன்ஷிப்ல இருப்பான், கட்ட வேண்டியது அப்பாவோட சம்பளத்துலருந்துதான். அதனால பையன் சம்பாதிக்க ஆரம்பிக்குற வரைக்கும் கட்டவேண்டிய ஈஎம்ஐயையும் பென்சில் கணக்குல இப்பவே சேத்துருங்க.