முன்வரிசைக்கு உடம்பு மட்டும் போதாது

கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலையின் மைதானங்கள் கல்லாய் இறுகிவிடும்; மாரியில் அதே தரையில் பூட்ஸ் வழுக்கும். இரு காலத்திலும், றக்பியில் அணிக்கு எட்டுப் பேர் குனிந்து பிணைந்து எதிரணியைத் தள்ளும் ஸ்க்ரம் சரிவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் குற்றம் பெரும்பாலும் தரையிலன்றி, பிள்ளைகள் குனிகிற விதத்திலேயே இருந்தது.

உடம்பு பெருத்த மாணவனைக் கண்டதும் ஸ்க்ரம் முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் ப்ரொப் ஆக்கிவிடுவது றக்பி பயிற்றுநர்களின் பழக்கம். தொடக்க காலத்தில் நானும் அப்படி ஒருவனை இரண்டே நாள் பயிற்சியுடன் முன்வரிசையில் நிறுத்தினேன். ஸ்க்ரம் சரிந்தபோது அவனுடைய நாடி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. கழுத்து நோவோடு தப்பியது அவனுடைய அதிர்ஷ்டம், என் திறமையல்ல. அந்த நிலையில் உச்சந்தலை தரையில் ஊன்றினால், பின்னால் தள்ளுகிறவர்களின் விசை கழுத்து எலும்புகளில் இறங்கி, முண்ணாணே சிதையக்கூடும்.

ஆகவே இப்போது முதல் வாரம் எவரையும் தள்ளவிடுவதில்லை. குனிந்து நிற்பவனின் முதுகில் தும்புத்தடி ஒன்றை நீளவாக்கில் வைப்பேன்; பின்னந்தலை, மேல்முதுகு, இடுப்பின் பின்புறம் ஆகிய மூன்றிலும் அது தொட வேண்டும். நாடியைத் தாழ்த்தினாலோ முதுகைக் கூனினாலோ தடி விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். முழங்கால்கள் மடிந்திருக்க வேண்டும். தோள் இடுப்பை விடத் தாழக் கூடாது.

அடுத்தது பிடி. ப்ரொப் எதிராளியின் ஜேர்சியை முதுகிலோ விலாப்பக்கத்திலோ பற்ற வேண்டும். கையையோ கழுத்துப்பட்டியையோ பற்றுவது விதிமீறல். அப்படிப் பற்றி இழுத்தால் இருவரும் சேர்ந்தே விழுவார்கள். 2013 முதல் மத்தியஸ்தர் ‘க்ரௌச், பைன்ட், செட்’ (குனி, பிடி, மோது) என்று அழைப்பதும், மோதுவதற்கு முன்பே பிடி உறுதியாக வேண்டும் என்பதற்காகத்தான். கரைவலை இழுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நேரக்கணிப்பை நான் விளக்கத் தேவையில்லை. ஒரு குரலுக்கு ஒரே மூச்சில் விசை கொடுப்பது அவர்களுக்குப் பழகிய விடயம்.

முதலில் ஒருவருக்கு ஒருவர், பிறகு மூவருக்கு மூவர், கடைசியிலேயே எட்டுப் பேர். பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக் கூடாது என்பதால், நீண்ட தள்ளலுக்கு அவர்களைப் பழக்குவதில் பயனுமில்லை.

ஸ்க்ரம் சரிந்தால் விசில் ஊதும்வரை காத்திராமல் பின்வரிசையினர் உடனே தள்ளுவதை நிறுத்த வேண்டும். இதையும் தனியே பழக்குகிறேன். விழுந்தவன் கழுத்து நோகிறது, கை விறைக்கிறது என்றால் அவனைத் தூக்கவோ உட்காரவைக்கவோ கூடாது. தலையை அசையாமல் ஒருவர் பிடித்திருக்க, மற்றவர் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும்.