மூக்கில் ரியூபோடு வீட்டுக்குப் போகும் பிள்ளை

"ரியூபோடயா மிஸ்ஸி வீட்டுக்கு அனுப்பப் போறீங்க?"

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அந்தத் தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கு வழியே வயிற்றுக்குப் பால் போகும் ரியூப் இருந்தால் பிள்ளைக்கு இன்னும் சுகமில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவருடைய மகன் 32 வாரத்தில் பிறந்தவன். மூச்சு சீராகிவிட்டது, எடை ஏறுகிறது, இன்கியூபேட்டர் இல்லாமலே உடம்புச் சூடு நிற்கிறது. மார்பில் நாலு இழுவை இழுத்ததும் களைத்துத் தூங்கிவிடுகிறான், அவ்வளவுதான்.

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஒத்துவர, கர்ப்பக் கணக்கில் பொதுவாக 34 வாரமாவது ஆகும். சில பிள்ளைகளுக்கு இன்னும் பிந்தும். அதுவரை மிச்சப் பால் ரியூப் வழியே போகிறது. சுவீடன், டென்மார்க்கில் இப்படி வீட்டுக்கு அனுப்புவது பழகிப்போன விஷயம். ஆனால் இங்கே, தாயின் கை தேறிய பிறகே அனுப்ப வேண்டும் என்பதில் தாதியான நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒருமுறை செய்து காட்டிக் கையெழுத்து வாங்கினால் போதாது.

ஒவ்வொரு முறையும் பால் கொடுக்க முன், மூக்கருகே ரியூபில் உள்ள குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சிரிஞ்சால் மெதுவாக இழுத்து, வரும் சொட்டை, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் விடுங்கள். 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் ரியூப் வயிற்றில்தான் இருக்கிறது, சரி. இல்லாவிட்டால் ஒரு சொட்டுப் பாலும் விடக்கூடாது. காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்கும் பழைய முறையை இன்னும் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். ரியூப் நுரையீரல் பக்கம் போயிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். தயவுசெய்து அதை நம்பாதீர்கள்.

அந்தத் தாய் முதல் நாள் அவசரத்தில் சிரிஞ்சின் தண்டை அழுத்தப் பார்த்தார். "அதைக் கழற்றி வைங்க தங்கச்சி, பால் தானா இறங்கும்" என்றேன். பிள்ளையின் தலைக்கு ஒரு சாண் மேலே பிடித்தார். பால் மெல்ல மெல்ல இறங்கியது. பிள்ளை முகம் சுளித்ததும் கையைத் தாழ்த்தினார், பால் நின்றது. மூன்றாம் நாள், நான் சொல்லாமலே பிள்ளையை மார்பில் சப்பவிட்டுக்கொண்டு பால் விட்டார். சப்பினால் வயிறு நிறையும் என்று பிள்ளை பழகுவது அப்படித்தான்.

கொழும்பு வெக்கையில் வியர்த்துக் கன்னத்துப் பிளாஸ்டர் கழன்றுவிடும். ரியூப் வெளியே வந்தால் பதறாதீர்கள்; பழக்கப்படாதவர்கள் திரும்பச் செருகவும் வேண்டாம், வோர்டுக்கு அழையுங்கள். பால் போகும்போது இருமினால், மூச்சு இழுத்தால், முகம் நீலம் பாய்ந்தால் உடனே நிறுத்துங்கள். நீலம் பாய்ந்தால் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

"கரண்டியால பருக்கினா என்ன?" என்று அம்மம்மாமார் கேட்பார்கள். களைத்த பிள்ளைக்குப் புரையேறிவிடும். அதனால்தான் பழக்கும் நாட்களில் அவர்களையும் கூட்டிவரச் சொல்கிறேன்.