பிளக்கைக் கழற்றாமல் சாவியைத் திருப்பாதீர்கள்

ஒன்பது ஆண்டுகள் ஷெட்டில் நின்ற ஓர் அம்பாசிடரைச் சென்ற வாரம் எங்கள் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மறைந்த தந்தையின் வண்டியை ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் மகன் புது பேட்டரி வைத்து, ஐந்து லிட்டர் பெட்ரோல் ஊற்றி, ஸ்டார்ட்டர் சுற்றாததால் நான்கு பேரை வைத்து மூன்றாவது கியரில் தள்ளியிருக்கிறார். வால்வுகளைத் தள்ளித் திறக்கும் கம்பிகளான புஷ்ராடுகள் இரண்டு வளைந்து, ஒரு பிஸ்டன் ரிங் உடைந்து, சிலிண்டர் சுவரில் ஆழமாகக் கோடு விழுந்துவிட்டது. இதே காரணத்துக்காக இந்த ஆண்டில் நான் எஞ்சினைப் பிரிக்கும் மூன்றாவது வண்டி இது. மூன்றையுமே பிரிக்காமல் ஓட வைத்திருக்கலாம் என்பதுதான் என் வேதனை.

“நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது நிறுத்திய வண்டிதானே, என்ன ஆகியிருக்கப் போகிறது?” என்று கேட்காதவர்கள் குறைவு. தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தபடியேதான் நிற்கும். அந்த வழியாக ஒவ்வொரு மழைக்காலத்து ஈரக்காற்றும் உள்ளே நுழையும். சுவரில் படிந்திருந்த ஆயில் முன்பே வழிந்து எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்குள் இறங்கியிருக்கும் என்பதால், வார்ப்பிரும்புச் சுவரும் ரிங்குகளும் துருவால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழைய பெட்ரோல் பிசினாக இறுகி வால்வுத் தண்டை அது ஏறி இறங்கும் குழலான கைடோடு பிணைத்துவிடும். இந்த நிலையில் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியைத் தள்ளிக் கிளட்சை விட்டால், அத்தனை விசையும் அந்த ஒட்டிய ரிங்கின் மீதும் அசையாத வால்வின் மீதும்தான் இறங்கும். வால்வு இறங்க மறுக்கும், புஷ்ராடைத் தள்ளும் கேம் நிற்காது, இடையில் சிக்கிய புஷ்ராட் வளையும். நிறுத்திய நாளில் எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடியது என்பதற்கும் இதற்கும் எந்தத் தொடர்புமில்லை.

ஆகவே முதல் வேலை நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுவது. ஒவ்வொரு துளையிலும் எஞ்சின் ஆயிலும் டீசலும் சரிபாதி கலந்து இரண்டு மூன்று தேக்கரண்டி விட்டு, இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, வண்டியோடு வந்த ஹேண்டிலை முன்பக்கம் மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். அசையவில்லை என்றால் மீண்டும் ஊற்றி ஒரு வாரம் காத்திருங்கள். நீளமான குழாயைச் செருகி நெம்பாதீர்கள். ஜாம் ஆன எஞ்சின் என்றவுடன் பழைய இரும்புக்கு விலை பேசுபவர்கள் உண்டு, ஆனால் துருவால் மட்டும் பிடித்த எஞ்சின்களில் பெரும்பாலானவை பொறுமைக்கு இணங்கிவிடும். சுற்றத் தொடங்கியதும் டாப் கவரைத் திறந்து, எட்டு வால்வுகளும் இறங்கி ஏறுகின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். பால் கலந்த காப்பியின் நிறம் தெரிந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அளவு கோட்டுக்கு மேலே போய்ப் பெட்ரோல் வாடை அடித்தால், டாங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் ஏ.சி. பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. எதுவும் இல்லாவிட்டாலும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றித்தான் ஆக வேண்டும், ஏனெனில் நீங்கள் ஊற்றிய டீசலும் இப்போது சம்புக்குள்தான் இருக்கிறது. பிறகு பிளக்குகளுக்குப் பொறி தரும் காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமலேயே, ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் போகாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றி ஆயில் பிரஷர் ஏறுவதை உறுதி செய்யுங்கள்.

பிளக்குகளையும் காயில் வயரையும் மீண்டும் மாட்டிய பிறகும் பிளக்குக்குக் கரண்ட் வரவில்லை என்றால், காயிலைக் குறை சொல்லும் முன், காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சி.பி. பாயிண்டின் முகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் பூத்துப் போயிருக்கும். உப்புத்தாள் கொண்டு மெல்லத் தேய்த்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் அளவில் வைத்தால் பொறி வந்துவிடும்.

டாங்கில் உள்ள பழைய பெட்ரோலில் புதியதை ஊற்றிக் கலக்காதீர்கள். ஒரு சிறிய கேனில் புதுப் பெட்ரோல் எடுத்து நேராக ஏ.சி. பம்ப்புக்குக் கொடுத்துத்தான் முதலில் ஓட வைக்க வேண்டும். டாங்கைக் கழுவிய பிறகே இணைக்க வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களையும் டயாஃப்ரத்தையும் கெடுக்கும் என்பதால் அவற்றையும் மாற்றிவிடுங்கள். சூடான மேனிஃபோல்டின் மேல் சொட்டும் பெட்ரோலுக்கு ஒரு நொடி போதும்; தீயணைப்பான் பக்கத்தில் இல்லாமல் சாவியைத் தொடவே கூடாது.

ஓடத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்ற கம்ப்ரஷன் அளவைப் பாருங்கள். குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது அளவு ஏறினால் குறை ரிங்கில். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால், சிலிண்டர்களுக்கும் மேலுள்ள ஹெட்டுக்கும் இடையில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் குறை ரிங்கில் என்று தெரிந்தால், முதல் நாள் அளவைப் பார்த்துவிட்டு உடனே எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். ஒட்டியிருந்த ரிங்குகள் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் மிதமாக ஓடிய பிறகு இளகிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் பிறகு இன்னொரு முறை அளந்து பார்த்து முடிவு செய்யலாம்.